இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மைனஸ்

சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, மீட்டரை எப்படிப் பிடிப்பது, வயரை எங்கே செருகுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு மீட்டரோடு வந்த புத்தகம் இருக்கிறது. நான் பணியிலிருந்த இருபத்தேழு வருடங்களில் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்ததில்லை. புத்தம் புதிதாகவே இருக்கும். நான் சொல்ல வந்தது, மீட்டரில் மைனஸ் வந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை. இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அது. அதையும் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

நான் வேலை பார்த்தது விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரப் பட்டறை. விருத்தாசலம் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்கள் கோப்பையையும் கொலு பொம்மையையும் நினைப்பார்கள். எங்களுடையது மின்சாரத்துக்கான பீங்கான். ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், அடுப்புக் கம்பி போட்டு வைக்கும் குழாய். மின்சாரத்தைப் போகவிடாமல் நிறுத்துவது எங்கள் சரக்கின் வேலை. நிறுத்துகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு பொருள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் என்றுதான் என்னை வீட்டில் அறிமுகப்படுத்துவார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர். பேச்சில் மகா சிக்கனம். மொத்தப் பயிற்சியும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

"மைனஸ் வந்துதுன்னா வயரு தலகீழா இருக்குதுன்னு அர்த்தம். மாத்தி மாட்டு. பிளஸ்ஸு வந்துதுன்னா எழுது. எழுதினா கையெழுத்துப் போடு."

ஃப்யூஸ் கட்டைக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பதிவேட்டில் மைனஸ் குறியே கிடையாது. நானும் அப்படியே பழகிவிட்டேன். கொசு உட்கார்ந்தால் கை தானாகப் போய் அடிக்கிறதல்லவா, அதுபோல மைனஸைக் கண்டால் என் கை தானாகப் போய் வயரை மாற்றும். மூளைக்குத் தகவல்கூட வராது.

அந்த வருடங்களில் கிராபீன் என்ற பெயர் பத்திரிகைகளில் அப்போதுதான் அடிபடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அம்புஜவல்லி என்ற பெண் எங்கள் பட்டறைக்கு வந்தார். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. தபால் தலை அளவில் பீங்கான் வில்லைகள் வேண்டும், ஓரங்களில் ஊசி நுழைகிற துளைகள் வேண்டும், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மின்சாரம் துளியும் கசியக்கூடாது என்றார். பெங்களூரில் கேட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார்களாம்.

"நம்மூர்ல செய்ய முடியாதா சார்? சின்ன வயசிலேருந்து டவுன் பஸ்ஸுல போறப்பல்லாம் இந்தப் புகைபோக்கியத்தான் பாத்துக்கிட்டே போவேன்."

செய்ய முடிந்தது. செய்தவர் தனக்கோடி. எங்கள் வார்ப்புப் பிரிவின் பொறுப்பாளர், பெண்ணாடத்துக்காரர். களிமண்ணையும் அலுமினாத் தூளையும் தண்ணீரில் கரைத்த கூழை நாங்கள் ஸ்லிப்பு என்போம். அந்த ஸ்லிப்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, வில்லை முழுதாகக் காய்வதற்குள் தையல் ஊசியால் துளை போட்டுவிட்டார். சூளையிலிருந்து வந்த பன்னிரண்டில் பதினொன்று தேறின. பன்னிரண்டாவதை நான் மேஜையில் தாள் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டேன். தபால் தலை அளவு வில்லை எந்தத் தாளையும் பிடித்து நிறுத்தாது என்பது தனி.

டீ வந்தபோது, இந்த வில்லை எதற்கு என்று கேட்டேன். அம்புஜவல்லி என் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"இதோட முனை இருக்குதில்ல சார், அது தாள் தாளா அடுக்கினது. செலோ டேப்ப ஒட்டி ஒட்டி உரிச்சிக்கிட்டே போனா கடைசியில ஒரே ஒரு அணு கனத்துக்கு ஒரு தாள் நிக்கும். அதான் கிராபீன். அத உங்க வில்லை மேல உக்கார வச்சு மின்சாரம் விடுவேன்."

"விட்டா?"

"சாதாரணக் கம்பியில எலக்ட்ரான் வழியில இருக்கிறதிலயெல்லாம் முட்டிக்கிட்டே போவும். கூட வரவனத் திரும்பிப் பாக்கவே நேரம் இருக்காது. தாள் ரொம்ப சுத்தமா இருந்து, கொஞ்சம் குளிர்ச்சியும் சரியா அமைஞ்சா, வழியில முட்டுறத விட ஒண்ணோட ஒண்ணு முட்டுறது அதிகமாயிடும். அப்ப மொத்தமாச் சேந்து ஒரு திரவம் மாதிரி போவும். தேன் ஊத்துனா போவுதில்ல, அப்படி."

"பாத்திருக்கீங்களா?"

"கணக்குல இருக்குது. கிராபீன்ல யாரும் பாத்ததா எனக்குத் தெரியல."

பெங்களூர் வரைக்கும் போய்ப் படித்து, செலோ டேப்பால் பென்சிலை உரிக்கிறார் என்று அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் மகன் ஆறாம் வகுப்பில் அதற்காக அடி வாங்கியவன். கதை அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி மழையில், அம்புஜவல்லி மறுபடி வந்தார். கையில் ஸ்ரீமுஷ்ணம் கோயில் பிரசாதமான இனிப்புக் கோரைக்கிழங்கு உருண்டைப் பொட்டலம். முகம் அந்த உருண்டைக்குப் பொருத்தமில்லாமல் இருந்தது.

விஷயம் இதுதான். கிராபீன் தாளின் ஓரத்தில் ஓர் ஊசி வழியாக மின்னோட்டத்தை உள்ளே விடுகிறார். அதற்குப் பக்கத்து ஊசியில் வோல்ட்டேஜ் பார்க்கிறார். அது பிளஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரண அறைச் சூட்டில் பிளஸ்தான் வருகிறது. குளிர்வித்தால் மைனஸ் ஆகிறது. சூடு திரும்பினால் பிளஸ்ஸும் திரும்பிவிடுகிறது. எல்லாத் தாளிலும் இல்லை. மிகச் சுத்தமாக அமைந்துவிட்ட ஒரே ஒரு தாளில் மட்டும். உள்ளே பாய்கிற ஓட்டம் வாசலுக்குப் பக்கத்தில் சுழித்துக்கொண்டு பின்னால் திரும்புகிறது, தேன் மாதிரி ஓடினால்தான் அப்படித் திரும்பும் என்று அம்புஜவல்லி நினைக்கிறார். வழிகாட்டிப் பேராசிரியர் அப்படி நினைக்கவில்லை.

"வில்லை கசியுதுங்கிறாரு சார். கசிவுதான் மைனஸா காட்டுதாம். பத்து நாள்ல கமிட்டி உக்காருது. கசியுதுன்னு ஆயிட்டா ரெண்டு வருஷமா இந்த வில்லைங்கள்ல எடுத்த கணக்கு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள என் ஃபெலோஷிப்பு முடிஞ்சிடும்."

சாதனத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். ஈரம் படாமல் ஒரு சின்ன எஃகுக் குழாய்க்குள் அடைத்து, சுங்குடிப் புடவையில் சுற்றி. செய்த இடத்திலேயே, செய்தவர்கள் கையாலேயே சோதித்து, கசிகிறதா இல்லையா என்று கையெழுத்தோடு ஓர் அறிக்கை வேண்டும்.

முதலாளி எட்டிப் பார்த்து, "நம்ம வில்லையாவது கசியிறதாவது, எழுதிக் குடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சோதனை முறை என்னுடையதைவிட வேகமானது.

சோதிக்கக் குளிர் வேண்டும். ஐஸ் கட்டிக் குளிர் போதாது. திரவ நைட்ரஜன் வேண்டும். விருத்தாசலத்தில் அதை வைத்திருப்பவர்கள் மாட்டுக்காரர்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற நண்பர் ஒருவர் எனக்கு இருந்தார். ஊசிக்கான மருந்தை அவர் அந்தக் குளிரில்தான் பாதுகாப்பார். போன் செய்தேன். பைக்கின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார்.

"எதுக்கு சார் இது? ஃப்யூஸ் கட்டைக்குச் சினை ஊசி போடப் போறீங்களா?"

"ஒரு அணு கனத்துல ஒரு தாள் இருக்குது. அதக் குளிர வைக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அம்புஜவல்லியைப் பார்த்தார், எஃகுக் குழாயைப் பார்த்தார். "சீக்கிரமா முடிச்சிடுங்க. முதனை கிராமத்துல ஒரு ஜெர்சி மாடு காத்துக்கிட்டு இருக்குது" என்றார். விஞ்ஞானத்தின் அவசரத்தை ஒரு ஜெர்சி நிர்ணயிப்பதில் தவறில்லை என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

முதலில், அவர் கூடவே கொண்டுவந்திருந்த, கிராபீன் வைக்காத வெறும் வில்லை ஒன்றைச் சோதித்தேன். கசிவு இல்லை. மழைக் காலம், சுவரெல்லாம் வியர்க்கிறது, அப்படியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் பெருமையடித்துக்கொள்ளலாம். பீங்கான் கசிந்தால் ஈரத்தில் கசியும், சூட்டில் கசியும். குளிர்ந்தால் இன்னும் இறுக்கமாகும். அதன் பிறகு சாதனத்தோடு வைத்தோம். தெர்மாகோல் பெட்டியில் நைட்ரஜன் ஊற்றி, அதன் ஆவிக்குள் எஃகுக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார் அம்புஜவல்லி. அவர் கண் குழாயிலும் வெப்பமானியிலும். என் கண் வோல்ட் மீட்டரில். அவர் டிகிரி சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் வோல்ட்டை எழுதிக்கொண்டே வந்தேன்.

மேலே நாலைந்து வரி ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் எண் குறைந்தது, சைபரைத் தொட்டது, முன்னால் ஒரு சின்னக் கோடு வந்தது.

என் கை வயரை மாற்றியது.

இதை நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் என்னை மிகைப்படுத்துவதாகும். குளிரில் விரல் மரத்திருந்தது, ஆவியில் கண்ணாடி மூடியிருந்தது, நண்பர் ஜெர்சியைப் பற்றி இரண்டாம் முறை நினைவூட்டிக்கொண்டிருந்தார். கோடு போய்விட்டது. பிளஸ். எழுதினேன். குழாய் அடிவரைக்கும் இறங்கி, மறுபடி மேலே வந்து, சூடேறும்போது திரும்பவும் முன்னால் ஒரு கோடு. திரும்பவும் மாற்றினேன். பிளஸ். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அழகான அட்டவணை அது. மேலிருந்து கீழ்வரை ஒரு மைனஸ் இல்லை.

அம்புஜவல்லி அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மைனஸே வரலையா சார்?"

"எங்கேருந்தும்மா வரும்? வில்லை சுத்தம்" என்றேன் பெருமையாக.

அவர் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப பெங்களூர்ல நான்தான் எங்கயோ தப்பா கனெக்ஷன் குடுத்திருக்கேன்" என்றார். கசிவு இல்லை என்ற நல்ல செய்தியைக் கேட்டவர் முகம் இப்படியா இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. குழாயைப் புடவையில் சுற்றினார். "போயிட்டு வரேன் சார்" என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். நண்பர் முதனைக்குப் பறந்தார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வார்ப்புக் கொட்டகைக்குப் போனேன். தனக்கோடி செய்த வில்லைதானே, ஜெயித்துவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டாமா? தனக்கோடி எட்டாவது வரை படித்தவர்; நோட்டை வாங்கி, ஆடிட்டர் மாதிரி மேலிருந்து கீழே பார்த்தார்.

"இது என்ன சார், ஓரத்துல ரெண்டு புள்ளி?"

இது எங்கள் சோதனைக் கூடத்து வழக்கம். அளந்துகொண்டிருக்கும்போது வயரைத் தொட நேர்ந்தால், அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால், கை பட்ட இடம் தெரியும். சட்டையின் பொத்தானைப் போடுவதுபோல எனக்கே தெரியாமல் வைத்திருக்கிறேன்.

"வயர மாத்தினேன். தலகீழா இருந்துது."

"செரி. ரெண்டாவது புள்ளி?"

"மறுபடி மாத்தினேன்."

"ஏன்? மொதல்ல மாத்தினதே தப்பா?"

"இல்ல, மொதல்லயும் மைனஸ் வந்துது, அப்பறமும் மைனஸ் வந்துது."

தனக்கோடி நோட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். "வயரு தலகீழா இருந்தா மொதல் வரியிலேருந்தே மைனஸ் வந்திருக்கணும். ஒரு தடவ மாத்தினா செரியாயிருக்கணும். ரெண்டு தடவ மாத்தியும் பிளஸ்ஸு வந்துதுன்னா அது வயரு பண்ண வேல இல்ல சார். உள்ள இருக்கிறது ஏதோ திரும்பிட்டு, திரும்பவும் திரும்பியிருக்குது."

நோட்டை மறுபடி விரித்தேன். எட்டாம் வகுப்பு என்ற தகுதி எவ்வளவு கூர்மையானது என்று யோசிக்க அப்போது நேரமில்லை. அந்தப் பெண் எதைத் தேடிக்கொண்டு பெங்களூரிலிருந்து மழையில் வந்தாரோ, அது இரண்டு தடவை என் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டு தடவையும் நான்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன்.

"ஓட்டம் பின்னால திரும்புமாம் தனக்கோடி. தேன் மாதிரி ஓடினா வாசலுக்குப் பக்கத்துல பின்னால வருமாம். அந்தப் பொண்ணு சொன்னுச்சு."

"தேனு எதுக்கு? ஸ்லிப்பே வரும்" என்றார் தனக்கோடி. அகலமான ஒரு தட்டையும் குறுகலான வாய் உள்ள புனலையும் எடுத்தார். ஸ்லிப்பை ஊற்றிக்கொண்டே, வாய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் செங்கல் தூளைத் தூவினார். ஓட்டம் நேராக முன்னால் போயிற்று. ஓரத்துத் தூள் மட்டும் மெதுவாக வளைந்து, ஊற்றுகிற பக்கத்துக்கே திரும்பி வந்தது. "இந்த மூலையிலதான் எப்பவும் காத்துக் குமிழி அடைக்கும். எத்தன வார்ப்பு இதால வெடிச்சிருக்குது தெரியுமா? நீங்க அதையெல்லாம் சூளை மேல பழி போட்டு எழுதியிருக்கீங்க."

அந்தக் கணக்கை இன்னொரு நாள் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, டிவிஎஸ் ஐம்பதைக் கிளப்பினேன்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அம்புஜவல்லி, மடியில் புடவைப் பொட்டலம். நான் வெளியே நனைந்துகொண்டு நின்று, ஜன்னல் கம்பி வழியாக நோட்டை நீட்டினேன்.

"நான் வயர மாத்திட்டேம்மா."

"எப்ப சார்?"

"ரெண்டு தடவ. புள்ளி வச்ச எடத்துல. மைனஸ் வந்துது. நான் மாத்தினதால பிளஸ்ஸாத் தெரிஞ்சுது."

அவர் நோட்டை வாங்கினார். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிவரை விரலை இழுத்துக்கொண்டே போனார். உதடு அசைந்தது; ஒவ்வொரு வரியிலும் குறியை மாற்றிப் படிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புக்கு நடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இப்பதான் சார் கைடுக்கு போன் பண்ணி, தப்பு என் மேலதான்னு ஒத்துக்கிட்டேன். அஞ்சு நிமிஷம்கூட ஆவல. அந்த அத்தியாயத்த எடுத்துடுன்னு சொல்லிட்டாரு."

"மறுபடி பண்ணுங்க."

"பண்ணி என்ன சொல்றது? டெஸ்ட் பண்ணவரு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்து மாத்திச் சொல்றாருன்னா?"

கண்டக்டர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சார், ஏறுறீங்களா, இல்ல இவங்கள எறக்கி விடணுமா?" என்றார். இறக்கித்தான் விட்டார்.

அன்றே மறுபடி அளக்க முடியவில்லை. நைட்ரஜன் முதனைக்குப் போயிருந்தது. மறுநாள் காலையில் நண்பர் திரும்ப வந்தார். "நேத்தே முடிஞ்சிதுன்னு சொன்னீங்களே" என்றார். "நேத்து அளந்தவரு சரியில்ல" என்றேன். இந்த முறை வயர் முனைகளை அம்புஜவல்லி மெழுகு வைத்து ஒட்டிவிட்டார். என்னை மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார வைத்து, என் கைகளைத் தனக்கோடியின் பொறுப்பில் விட்டார். கை வேண்டாம், கண்ணும் பேனாவும் போதும் என்றார்கள். அறைச் சூட்டில் பிளஸ். இறங்க இறங்கக் குறைந்தது. சைபர். சின்னக் கோடு வந்தது. என் வலது கை துடித்ததைத் தனக்கோடி பார்த்துவிட்டு, "சார்" என்றார். கை நின்றது. சூடேறியதும் கோடு மறைந்தது. முதல் நாள் அட்டவணையில் புள்ளிகளுக்கு நடுவே குறியைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு நாள் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

இனி எழுத வேண்டியதுதான். எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். முதல் நாள் அறிக்கை கையெழுத்தோடு இருக்கிறது. அதன் நகல் அன்றே ஃபேக்ஸில் பெங்களூருக்கும் போய்விட்டது. இரண்டாம் நாள் அறிக்கை அதற்கு நேர்மாறு. ஏன் மாறியது என்று ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். 'முதல் நாள் அளக்கும்போது சோதனையாளர் வோல்ட்டேஜ் வயர்களை இருமுறை இடம் மாற்றினார்' என்று எழுதி முதலாளியிடம் கொண்டு போனேன்.

"ரெண்டு ரிப்போர்ட்லயும் வில்லை நல்லதுன்னுதான் வருது?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு இந்த வரி? இதப் பாத்துட்டு நம்ம டெஸ்டிங்க நம்பி யாரு சரக்கு வாங்குவான்? 'மீட்டர்ல சிறு கோளாறு'ன்னு போட்டுடுங்க."

நான் மேஜையைத் தட்டி நீதி பேசினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் சொன்னது, "மீட்டரு நல்லாத்தாங்க இருக்குது" என்பது மட்டும். வெளியே வந்து, அரை மணி நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீட்டர் மேல் பழி போட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அம்புஜவல்லிக்கு உண்டு. மீட்டர் கோளாறு என்றால் இரண்டு நாள் கணக்கும் சந்தேகம். மைனஸும் அதோடு போய்விடும். வயரை மாற்றினேன் என்றால்தான் அந்த இரண்டு புள்ளிகளுக்கு அர்த்தம். அவருடைய இரண்டு வருடத்துக்கும் எனக்கும் நடுவில் இருந்தது என் கௌரவம். அதன் எடை ஒரு வில்லை அளவுகூடத் தேறாது. முதலாளியிடம் மறுபடி போய், "நான்தாங்க மாத்தினேன், எழுதிட்டுப் போறேன்" என்றேன். அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க பேரப் போடாதீங்க, சோதனையாளர்னு மட்டும் போடுங்க" என்றார். எங்கள் பட்டறையில் சோதனையாளர் ஒரே ஒருவர்தான் என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் அம்புஜவல்லி போன் செய்தார். கமிட்டியில் ஒருவர் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒரே ஆள், ஒரே இடம், அடுத்தடுத்த நாள்; எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார். அம்புஜவல்லி என் வாக்கியத்தைக் காட்டி, புள்ளிகளைக் காட்டி, நடுவில் இருக்கும் குறிகளை அவரையே திருப்பச் சொல்லியிருக்கிறார். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகத் திருப்பினாராம். திருப்பி முடித்துவிட்டு, வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்த்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"இந்த மனுஷன் மைனஸ ஒழிச்சே தீரணும்னு உக்காந்து அளந்திருக்காரு. அவரு கையிலயே மைனஸ் வந்திருக்குதுன்னா, இந்தப் பொண்ணு ஆசப்பட்டதால வந்துதுன்னு சொல்ல முடியாதுன்னாரு. அத்தியாயம் இருக்கட்டுமாம் சார். திரவம்னு அடிச்சுச் சொல்லாம, இருக்கலாம்னு எழுதச் சொல்லிட்டாங்க. எழுதிட்டேன்."

"ஸ்லிப்பப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சாங்க. உதாரணம் ஆதாரம் ஆவாதுன்னாங்க. அது சரிதான் சார்."

சரிதான். அந்த ஒரு தாளில் ஓடியது உண்மையிலேயே தேன் போன்ற ஓட்டம்தானா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. பல வருடம் கழித்து, வேறு நாடுகளில், இதைவிடச் சுத்தமான கிராபீன் தாள்களில், ஊசிக்குப் பக்கத்தில் இதே மாதிரி மைனஸைப் பார்த்தார்கள். திரவம் போன்ற ஓட்டம் என்றார்கள். அந்தச் செய்தியை நான் நாளிதழில் படித்தபோது, தனக்கோடிக்குப் போன் செய்தேன். "இப்பதான் பாத்தாங்களா?" என்றார்.

ஆய்வேடு அச்சாகி எனக்கு ஒரு பிரதி வந்தது. ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு. முதல் நாள் சோதனையாளர் வயர்களை இருமுறை இடம் மாற்றினார் என்றும், புள்ளியிட்ட வரிகளுக்கு நடுவே குறி திருத்தப்பட்டது என்றும். அச்சேறுவதற்கு முன் அம்புஜவல்லி கேட்டிருந்தார், இனி தேவையில்லை, எடுத்துவிடட்டுமா என்று. இருக்கட்டும் என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பக்கத்தைத் திறந்து மனைவியிடம் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் ஏறிய முதல் ஆள் நான்.

"உங்க பேரு எங்க?"

"'சோதனையாளர்'னு இருக்குதே, அதான் நான்."

"என்ன பண்ணீங்களாம்?"

"வயரத் தப்பா மாத்தினேன்."

"இதையெல்லாமா புத்தகத்துல போடுவாங்க?"

"இதப் போட்டதாலதான் மிச்சத்த நம்பினாங்க" என்றேன். அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, விருந்தாளிகள் கண்ணில் படுகிற அலமாரியில், அந்தப் பக்கத்திலேயே விரித்து வைத்தார்.